பூனையின் குடலைப் பார்க்க ஸ்கேன் போதுமா? எக்ஸ்ரே, உணவுச் சோதனை, பயாப்ஸியோடு ஓர் ஒப்பீடு

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். மிளகுக்கு வயது 13, கடுகுக்கு 2. போன வருஷம் ஆறே மாத இடைவெளியில் இரண்டையும் குடல் கோளாறுக்காகக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். இரண்டுக்கும் வயிற்று முடியை மழித்து, ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார்கள். கடுகு விஷயத்தில் ஸ்கேன் கால் மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அன்று சாயங்காலமே ஆபரேஷன். மிளகு விஷயத்தில் அதே ஸ்கேன் பாதிக் கதையைத்தான் சொன்னது. மீதிக் கதைக்கு எங்கே போவது, போகத்தான் வேண்டுமா என்று முடிவெடுக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

அந்த மூன்று வாரத்தில் படித்ததையும் டாக்டர்களிடம் கேட்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. உங்கள் பூனையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டரின் வார்த்தை இந்தக் கட்டுரையை விடப் பெரிது. ஆனால் "ஸ்கேன் எடுக்கலாமா, நேரா பயாப்ஸிக்குப் போகலாமா, இல்ல கொஞ்ச நாள் சாப்பாட்டை மாத்திப் பாக்கலாமா?" என்று அவர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நாம். பர்ஸைத் திறக்க வேண்டியதும் நாம்தான். (பயாப்ஸி என்றால் கொஞ்சம் திசுவை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது.)

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பூனைன்னா வாந்தி எடுக்கத்தான் செய்யும்" என்று எல்லாரும் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். மிளகு வாரத்துக்கு இரண்டு தடவை வாந்தி எடுத்தபோது முடிப்பந்து என்று துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தோம். தீபாவளி சமயத்தில் 4.6 கிலோ இருந்தவள் பொங்கலுக்கு 3.7 கிலோ. உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. எப்போதாவது ஒரு முடிப்பந்து வேறு, வாராவாரம் வாந்தி வேறு. வீட்டில் ஒரு எடைக் கருவி இருந்திருந்தால் இரண்டு மாதம் முன்னாடியே கிளம்பியிருப்போம்.

ஸ்கேன் எதைப் பார்க்கிறது

பூனையின் சிறுகுடல் சுவர் சுமார் 2 முதல் 2.5 மி.மீ. தடிப்புதான் இருக்கும். கடைசிப் பகுதியான இலியம் மட்டும் இயல்பாகவே கொஞ்சம் தடிமன், 3 மி.மீ. வரை போகலாம். நல்ல கருவியில் பார்த்தால் இந்த மெல்லிய சுவரே அடுக்கடுக்காகத் தெரியும். உள்ளே உணவு படும் சளிப்படலம் கறுப்பாக, இருப்பதிலேயே தடிப்பாக. அதை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு, அதுதான் சப்மியூக்கோசா. அடுத்து மெல்லிய கறுப்புப் பட்டையாகத் தசைப்படலம். வெளியே மறுபடி ஒரு வெள்ளைக் கோடாகக் குடலின் மேலுறை. நடுவில் குடல் குழியும் சளிப்படலமும் சந்திக்கும் வெள்ளைக் கோட்டையும் சேர்த்தால் ஐந்து அடுக்கு.

டாக்டர் திரையில் தேடுவது மூன்று விஷயம். சுவர் மொத்தமாகத் தடித்திருக்கிறதா? எந்த அடுக்கு தடித்திருக்கிறது? அடுக்குகள் அடுக்குகளாகவே இருக்கின்றனவா, இல்லை கலைந்து ஒரே மொத்தையாகிவிட்டதா? இதோடு குடலைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்கள், கணையம், கல்லீரல், வயிற்றுக்குள் நீர் ஏதும் தேங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வார்கள். குடல் சுருங்கி விரிவதை நேரடியாகப் பார்க்க முடிவது இன்னொரு வசதி. எக்ஸ்ரேயில் குடல் ஒரு நொடியில் உறைந்து நிற்கும். ஸ்கேனில் அது நெளியும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இயல்புக்கும் நோய்க்கும் இடையே உள்ள வித்தியாசம் அரை மில்லிமீட்டர். சிறுகுடலில் 2.8 மி.மீ. தாண்டினால் சந்தேகப்பட வேண்டும் என்பது பல டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. அரை மில்லிமீட்டரை நம்பி முடிவெடுப்பதென்றால் கருவியும் கையும் நன்றாக இருந்தாக வேண்டும். மனிதர்களின் வயிற்றுக்கான 3.5 மெகாஹெர்ட்ஸ் வளைந்த ப்ரோப்பை (வயிற்றின் மேல் வைத்து நகர்த்தும் கைக்கருவி) வைத்துப் பூனைக் குடலின் அடுக்குகளை எண்ண முடியாது. பூனைக்கு 10 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேலான ப்ரோப் வேண்டும். அதிர்வெண் கூடக்கூட ஆழம் குறையும், தெளிவு கூடும். பூனை வயிற்றுக்கு அந்த ஆழமே போதும்.

மிளகுக்கு நாங்கள் முதலில் ஸ்கேன் எடுத்த இடத்தில் பழைய கருவி, வளைந்த ப்ரோப். ஐந்து நிமிடத்தில் முடித்து "குடல் இயல்பு" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். எத்தனை மில்லிமீட்டர் என்று எங்கேயும் இல்லை. பத்து நாள் கழித்து வேறொரு இடத்தில் முக்கால் மணி நேரம் பார்த்து, 3.1 என்று எழுதினார்கள். பத்து நாளில் குடல் இவ்வளவு மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆக "ஸ்கேனா, கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியா" என்று ஒப்பிடுவதற்கு முன்னால் "எந்த ஸ்கேன், யார் கையில்" என்று ஒப்பிட வேண்டியிருக்கிறது.

அவசரம் என்றால்: எக்ஸ்ரேயும் ஸ்கேனும்

கடுகின் கதை சின்னது. சாமி படத்துக்குப் போட்ட பழைய பூச்சரத்தை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையிலிருந்து எதைத் தின்றாலும் வாந்தி, கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டான். வாழைநாரில் கட்டின பூவென்றால் கடித்துத் துப்பியிருப்பானோ என்னவோ. இது நைலான் நூல். பூனை நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. நூல் ஒருமுறை மாட்டினால் துப்ப முடியாது, உள்ளேதான் போகும்.

நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழியிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசுவிக்கொண்டு ஏறும் இல்லையா, குடல் அந்த நூலின் மேல் அப்படித்தான் ஏறும். இழுபடும் நூல் குடல் சுவரை உள்ளிருந்து அறுக்கத் தொடங்கும். பூனை வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இந்த மாதிரி நேரத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன் இரண்டுக்கும் தனித்தனி பலம் உண்டு. எக்ஸ்ரே ஒரே படத்தில் முழு வயிற்றையும் காட்டும். எலும்பு, கல், நாணயம், நூலோடு போன தையல் ஊசி எல்லாம் பளிச்சென்று தெரியும். குடல் கிழிந்து காற்று வெளியே வந்திருந்தால் அதுவும் தெரியும். மலம் இறுகிப் பெருங்குடல் வீங்கிய பூனைக்கு எக்ஸ்ரேதான் சரி, ஸ்கேனே வேண்டாம். ஆனால் நூல், துணி, ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் எக்ஸ்ரேக்குக் கண்ணாடி மாதிரி. அவற்றைப் பெரும்பாலும் நேரடியாகக் காட்டாது. குடல் ஒரு பக்கமாகக் குவிந்திருப்பதையும் நடுவில் கமா வடிவில் காற்றுக் குமிழிகள் சிக்கியிருப்பதையும் வைத்து டாக்டர் ஊகிக்க வேண்டும்.

ஸ்கேனில் அந்தக் கொசுவமே தெரிந்தது. மடிப்பு மடிப்பாகக் குடல், நடுவே ஒரு வெள்ளைக் கோடு. "இதுதாம்மா நூல்" என்று டாக்டர் திரையில் விரல் வைத்துக் காட்டினார். குடலுக்குள் குடல் செருகிக்கொள்ளும் கோளாறையும் ஸ்கேன் அழகாகக் காட்டும். குட்டிகளுக்கும் இளம் பூனைகளுக்கும் வரக்கூடியது அது. வெங்காயத்தை வட்டமாக நறுக்கினால் வளையத்துக்குள் வளையம் தெரியுமே, திரையில் அதே படம். பழகிய கையென்றால் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

ஸ்கேனின் எதிரி காற்று. ஒலி அலை காற்றைத் தாண்டிப் போகாது. வாயு நிறைந்த குடல் வளையத்துக்குப் பின்னால் என்ன இருந்தாலும் திரையில் வெறும் நிழல். எக்ஸ்ரேக்கோ அதே காற்றுதான் துணை. அதனால்தான் இரண்டையும் அடுத்தடுத்து எடுக்கச் சொல்கிறார்கள். அடம்பிடிக்காமல் எடுத்துவிடுங்கள், இரண்டு செலவு என்று தோன்றும், ஆனால் ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும். ஒன்றுக்குத்தான் வசதி என்றால் என் தேர்வு இது: நல்ல கருவியும் அனுபவமுள்ள ஆளும் பக்கத்தில் இருந்தால் ஸ்கேன். இல்லையென்றால் எக்ஸ்ரே, சில மணி நேரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே.

எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் என்ற திரவத்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுக்கும் பழைய முறை இன்னும் இருக்கிறது. அதற்குப் போவதானால் ஸ்கேனை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பேரியம் உள்ளே போன பிறகு ஸ்கேனும் எண்டோஸ்கோபியும் பாழ். குடல் கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது பேரியம் கொடுப்பதும் ஆபத்து, அது வயிற்றுக்குள் கசிந்தால் பெரிய தொல்லை.

மெதுவாக மெலியும் பூனை

இனி மிளகின் கதை. இதுதான் கஷ்டமானது. வாந்தி, அவ்வப்போது இளகின மலம், எடை குறைவு, மூன்று வாரத்துக்கு மேல் தொடர்கிறது என்றால் நாள்பட்ட குடல் நோய் என்று பேர் வைக்கிறார்கள். அந்தப் பேருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன: உணவு ஒவ்வாமை, குடல் அழற்சி, மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்று, வேகமாக வளரும் நிணநீர்ப் புற்று, மற்ற கட்டிகள்.

குடலைப் பார்க்கும் முன் குடலுக்கு வெளியே உள்ள காரணங்களை ஒதுக்க வேண்டும். வயதான பூனை நன்றாகத் தின்றும் மெலிகிறது என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று இரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோனைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் கெட்டாலும் வாந்தி வரும். சர்க்கரை, கல்லீரல், கணையம் எல்லாம் இரத்தத்தில் ஓரளவு தெரியும். மலத்தில் புழு முட்டையும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைத் தாண்டி ஸ்கேனுக்கு ஓடுவது அடுப்பைப் பற்றவைக்காமல் உலை வைப்பது மாதிரி. வைட்டமின் பி12 அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இலியம்தான் பி12-ஐ உறிஞ்சும் இடம். அளவு குறைந்திருந்தால் கோளாறு சிறுகுடலில் இருக்கலாம் என்று ஒரு துப்புக் கிடைக்கும். அதோடு ஊசி போட்டு உடனே சரிசெய்யவும் முடியும். பி12 குறைந்த பூனைக்கு மற்ற மருந்துகள் கொடுத்தும் சரியாகத் தேறாமல் போகலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அடுத்து உணவுச் சோதனையா, ஸ்கேனா? என்னைக் கேட்டால் வயதையும் எடையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

உணவுச் சோதனை என்பது இதுவரை தின்னாத புரதத்தை மட்டும் கொடுப்பது, அல்லது புரதத்தை உடலுக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு உடைத்துச் செய்த மருத்துவ உணவை மட்டும் கொடுப்பது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் நாள்பட்ட வயிற்றுக் கோளாறுள்ள 55 பூனைகளுக்கு இப்படி உணவை மாற்றிப் பார்த்தார்கள். 16 பூனைகளுக்கு உணவே காரணம் என்று நிரூபணமானது. இன்னும் 11 பூனைகள் புது உணவில் சரியாகி, பழைய உணவுக்குத் திரும்பியபோதும் நோய் திரும்பவில்லை. ஆகக் கிட்டத்தட்ட பாதிப் பூனைகள் மயக்க மருந்தோ கத்தியோ இல்லாமல் தேறிவிட்டன. வயிற்றுக் கோளாறைப் பொறுத்தவரை இரண்டு மூன்று வாரத்தில் பலன் தெரிந்துவிடும். தோல் அரிப்பு மாதிரி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் நம்மூரில் இதைக் காப்பாற்றுவது பெரும்பாடு. மொட்டை மாடி வழியாக நாலு வீடு போய் வரும் பூனைக்கு உணவுச் சோதனை நடத்த முடியாது. பக்கத்து வீட்டு அக்கா மீன் கழுவும்போது ஒரு தலையைத் தூக்கிப் போட்டால் அன்றைக்குச் சோதனை முடிந்தது. பூனையை வீட்டுக்குள் அடைத்து, தெருவில் நாலு பேரிடம் சொல்லிவைத்து, மாத்திரையைக்கூட மீனில் வைத்துக் கொடுக்காமல் இருந்தால்தான் அது சோதனை. இன்னொன்று, "பசிச்சா தன்னால தின்னும்" என்று பூனையைப் பட்டினி போடக் கூடாது. நாய் தாங்கும், பூனை தாங்காது. சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். புது உணவைத் தொடவில்லையென்றால் டாக்டரைக் கூப்பிட்டு வேறு உணவு கேளுங்கள்.

இளம் பூனை, எடை பெரிதாகக் குறையவில்லை, பசி இருக்கிறது, வயிற்றில் கட்டி எதுவும் கைக்கு அகப்படவில்லை என்றால் நான் உணவுச் சோதனையைத்தான் முதலில் வைப்பேன். பத்து வயதைத் தாண்டிய பூனை உடம்பில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இழந்திருந்தால் காத்திருக்க மாட்டேன். ஸ்கேனை உடனே எடுத்துவிட்டு, முடிவு அவசரமாக இல்லையென்றால் உணவை மாற்றிப் பார்ப்பேன். மிளகுக்கு அப்படித்தான் செய்தோம்.

3.1 மில்லிமீட்டர் என்றால் என்ன நோய்?

மிளகின் ரிப்போர்ட்டில் இருந்தது இவ்வளவுதான்: சிறுகுடலின் நடுப்பகுதி 3.1 மி.மீ.; தசைப்படலம் தடிப்பு; அடுக்குகள் கலையவில்லை; ஒரு நிணநீர்க் கணு லேசாகப் பெரிது. "இது அழற்சியா, புற்றா டாக்டர்?" என்று கேட்டேன். "ரெண்டும் இப்படித்தாம்மா இருக்கும்" என்றார்.

தட்டிக்கழிக்கிறாரோ என்று அப்போது தோன்றியது. படித்த பிறகுதான் புரிந்தது, அதுதான் நேர்மையான பதில். வயதான பூனைகளில் தசைப்படலம் தடித்திருந்தால் நிணநீர்ப் புற்றின் பக்கம் சந்தேகம் கொஞ்சம் சாயும் என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அழற்சியிலும் அதே தடிப்பு வரும். 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஸ்கேனில் குடல் தடித்திருந்த நாள்பட்ட நோயுள்ள 100 பூனைகளுக்கு வயிற்றைத் திறந்து பயாப்ஸி எடுத்தார்கள். அதில் 49 பூனைகளுக்கு அழற்சி, 46 பூனைகளுக்கு நிணநீர்ப் புற்று. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, காசு சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஆனால் அதே ஆய்வை இன்னொரு பக்கமாகப் படித்தால், தடிப்பு தெரிந்த பூனைகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் குடலில் உண்மையாகவே நோய் இருந்தது. "குடலில் ஏதோ இருக்கிறது" என்று ஸ்கேன் சொன்னால் நம்பலாம். "இன்ன நோய்" என்று அதனிடம் கேட்கக் கூடாது.

அதே மாதிரி, ஸ்கேன் இயல்பாக இருந்தால் நோயே இல்லை என்றும் அர்த்தமில்லை. அழற்சியோ மெதுவான புற்றோ உள்ள பூனைகளிலும் குடல் திரையில் சாதுவாகத் தெரிவதுண்டு.

அடுக்குகள் கலைந்து, ஒரு பக்கம் மட்டும் தடித்து, ஒரு கட்டியாக இருந்தால் விஷயம் வேறு. அப்போது வேகமான புற்றின் மேல் சந்தேகம் வலுக்கும். இங்கேதான் ஸ்கேனுக்கு இன்னொரு பயன்: ஊசி எங்கே போகிறது என்று திரையில் பார்த்தபடியே கட்டியிலிருந்தோ வீங்கிய கணுவிலிருந்தோ கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுக்கலாம். வேகமாக வளரும் பெரிய செல் நிணநீர்ப் புற்று, மாஸ்ட் செல் கட்டி என்ற வேறொரு வகைப் புற்று போன்றவை இந்தச் சின்ன மாதிரியிலேயே பிடிபடும். மெதுவாக வளரும் சின்ன செல் நிணநீர்ப் புற்று பிடிபடாது, ஏனென்றால் அதன் செல்களும் அழற்சியில் வரும் சாதாரண நிணச் செல்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கட்டியாகத் தெரிவதெல்லாம் புற்றும் இல்லை. ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களும் நாரும் சேர்ந்து இறுகி, பார்வைக்கு அப்பட்டமாகப் புற்று மாதிரியே நிற்கும் ஓர் அழற்சி பூனைகளுக்கு உண்டு. அதற்கு மருந்து இருக்கிறது. திரையில் கட்டியைப் பார்த்த அன்றே நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள், மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்டோஸ்கோபியா, வயிற்றைத் திறப்பதா

நோயின் பெயர் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் திசு வேண்டும். அதற்கு இரண்டு வழி, இரண்டுக்கும் முழு மயக்கம் தேவை.

எண்டோஸ்கோபியில் வாய் வழியாகக் குழாயை விட்டு இரைப்பை, சிறுகுடலின் முதல் பகுதி வரைக்கும் போகலாம். கீழ்வழியாகப் பெருங்குடலையும், முடிந்தால் இலியத்தின் வாயையும் எட்டலாம். தையல் இல்லை, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் கிள்ளி எடுப்பது சளிப்படலத்தின் துணுக்குகளைத்தான், தசைப்படலம் வராது. நடுப்பகுதியை எட்டவே முடியாது. மிளகுக்குத் தடிப்பு இருந்ததோ சரியாக அந்த நடுப்பகுதியில், அந்தத் தசைப்படலத்தில். இங்கேதான் ஸ்கேன் தன் காசுக்கு உழைத்தது: எந்தப் பயாப்ஸி நம் பூனைக்குப் பிரயோஜனம் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிட்டது. தடிப்பு முதல் பகுதியில் இருந்தால் எண்டோஸ்கோபி, எட்டாத இடத்தில் இருந்தால் அறுவை.

வயிற்றைத் திறந்தால் குடலின் எல்லா இடத்திலிருந்தும் முழுச் சுவரையும் எடுக்கலாம். கையோடு கல்லீரல், கணையம், நிணநீர்க் கணுவிலிருந்தும் எடுக்கலாம். பூனைகளுக்குக் குடல், கல்லீரல், கணையம் மூன்றும் ஒன்றாக நோவது சகஜம் என்பதால் இது பெரிய லாபம். விலை: பெரிய தையல், தேற நாளாகும், குடல் தையல் பிரிந்தால் உயிராபத்து. இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்த, எலும்பும் தோலுமான பூனைக்கு அந்த ஆபத்து இன்னும் கூடும்.

இவ்வளவும் செய்தால் பதில் உறுதியாகக் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்கும், எப்போதும் இல்லை. அழற்சியே படிப்படியாக மெதுவான நிணநீர்ப் புற்றாக மாறக்கூடும் என்றே பலர் கருதுகிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் சந்தேகம் வந்தால் செல்களுக்குச் சாயமேற்றும் சோதனை, ஒரே செல்லிலிருந்து பெருகியவைதானா என்று பார்க்கும் மரபணுச் சோதனை என்று இன்னும் இரண்டு படி உண்டு. இந்த இரண்டு நோயையும் பிரித்தறிவது பற்றி அமெரிக்காவின் கால்நடை உள்மருத்துவ நிபுணர் குழு 2023இல் ஒருமித்த அறிக்கையே வெளியிட்டது; எந்த ஒற்றைச் சோதனையையும் தனியாக நம்ப முடியாது என்பதுதான் அதன் சாரம்.

சரி, பெயர் தெரிந்து என்ன மாறப்போகிறது? அழற்சி என்றால் உணவு மாற்றம், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. மெதுவான புற்று என்றால் பிரெட்னிசலோனோடு குளோராம்புசில் என்ற கீமோ மாத்திரை. இதில் பல பூனைகள் இரண்டு வருஷம், அதற்கு மேலும் நன்றாக இருக்கின்றன. வேகமான புற்று என்றால் கடுமையான கீமோ, அதிலும் பெரும்பாலும் மாதக்கணக்கில்தான் காலம். ஆகப் பெயர் முக்கியம்தான். எட்டு வயதுப் பூனை, உடம்பு தெம்பாக இருக்கிறது, கையில் காசும் இருக்கிறது என்றால் நான் பயாப்ஸி எடுப்பேன். வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுக்கப்போகிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது நல்லது.

மிளகுக்கு எடுக்கவில்லை. 13 வயது, சிறுநீரகம் லேசாகத் தளர ஆரம்பித்திருந்தது, ஆல்புமினும் குறைவு. பயாப்ஸி முடிவு எதுவாக வந்தாலும் முதலில் கொடுக்கப்போவது அதே பிரெட்னிசலோன்தான் என்று டாக்டர் சொன்னார். மூன்று வாரம் உணவு மாற்றிப் பார்த்தோம், எடை ஏறவில்லை. பி12 ஊசியோடு ஸ்டீராய்டு தொடங்கினோம். இந்த முடிவில் ஒரு பக்கக் கதவு மூடுகிறது என்பதையும் அவர் சொன்னார்: ஸ்டீராய்டு ஆரம்பித்த பிறகு எடுக்கும் பயாப்ஸி குழப்பும், புற்றின் தடயங்களை மறைத்துவிடும். பயாப்ஸி வேண்டுமா என்ற முடிவை முதல் மாத்திரைக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். "ஒரு வாரம் குடுத்துப் பாப்போம், சரியாகலன்னா பயாப்ஸி" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிறுத்தி, திருப்பிக் கேளுங்கள்.

ஸ்கேனுக்குப் போகும்போது

முந்தின இரவு சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், 8 முதல் 12 மணி நேரம், தண்ணீர் கொடுக்கலாம். சர்க்கரை நோய் உள்ள பூனை, நாள்கணக்கில் சாப்பிடாத பூனை என்றால் இந்த விரதத்தைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பயந்து மிரளும் பூனைக்கு வீட்டிலேயே கொடுத்துக் கொண்டுவர கபாபென்டின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தை எழுதித் தரலாமா என்றும் கேளுங்கள். திமிறிக் கத்தும் பூனை காற்றையும் விழுங்கும், அந்தக் காற்று திரையையும் மறைக்கும். முடியை மழிக்க மனசு கேட்காது, ஆனால் விட்டுவிடுங்கள். முடிக்கு நடுவில் சிக்கிய காற்றும் படத்தைக் கெடுக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது போனிலேயே இரண்டு கேள்வி கேட்கலாம்: பூனைக்கு எந்த ப்ரோப் வைத்துப் பார்ப்பீர்கள், ரிப்போர்ட்டில் குடல் பகுதி வாரியாக அளவு எழுதித் தருவீர்களா? இரண்டாவதுக்குத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். "லேசான தடிப்பு" என்ற வரியை வைத்து மூன்று மாதம் கழித்து எதனோடு ஒப்பிடுவது? அதே ஆள், அதே கருவி, அதே இடத்தில் அளந்தால்தான் குறைந்ததா கூடியதா என்று சொல்ல முடியும்.

மிளகுக்கு மூன்றாம் மாதம் மறுபடி எடுத்தோம். 2.7 என்று எழுதியிருந்தார். அழற்சியா புற்றா என்று இன்னும் தெரியாது. எடை 4.1 கிலோ. முதல் ஸ்கேனுக்கு மழித்த இடத்தில் முடி முழுசாக வளரும் முன்னே இன்னொரு தடவை மழித்துவிட்டார்கள். இப்போது வயிற்றில் மட்டும் புசுபுசுவென்று குட்டிப் பூனை முடி.